பாதிச் சுவரைப் பார்க்க வருகிறேன் என்றாய்

நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

உன் குரலை மட்டும்தான் எனக்குத் தெரியும். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் போனில் அப்படியே இருக்கின்றன. கேட்கத் தைரியம் இல்லை, அழிக்கவும் மனசு வரவில்லை.

நம் பழக்கம் எப்படி ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? அறந்தாங்கியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு நீளமான மொட்டைச் சுவர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் முகத்தில் அடிக்கும். அதில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை வரையவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர், பூக்காரம்மா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸை எட்டிப் பார்க்கிறவள், எல்லாரும் வேண்டும். என் மாமியார், "செவுத்துல கிறுக்குற வயசா ஒனக்கு?" என்றார். குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர், "வெள்ளையடிச்சா போதும்ல?" என்றார். வேறு யாரிடம் கேட்பது? ஓவியம் வரைகிற பெண்களுக்கென்று இருந்த ஃபேஸ்புக் குழுவில், முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டேன். அடித்த பெயின்ட் செதில் செதிலாக உரிகிறதே, என்ன செய்ய?

ஆளுக்கு ஒரு கம்பெனி பெயர் சொன்னார்கள். நீ மட்டும் திருப்பிக் கேட்டாய். "அக்கா, செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் கொல்லையில் மாமியார் பாத்திரம் கழுவும் இடம். ஈரம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆவூரில் நீ டீச்சர் என்பதும், பள்ளிக்கூடச் சுவர்களில் படம் போடுகிறவள் என்பதும் அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஒரே மாவட்டம். புதுக்கோட்டையில் பஸ் மாறினால் வந்துவிடலாம்.

பிறகு உன்னிடம் கேட்காத கேள்வி உண்டா? மனுஷர் கை வரையவே வரவில்லை என்றேன். "ஒங்க கையவே போட்டோ எடுத்துப் பாத்து வரைங்கக்கா" என்றாய். மழைக்கு இட்லி மாவு பொங்கவில்லை என்று கேட்டேன். மகன் வாய் திறந்து பேசுவதில்லை என்று புலம்பினேன். எதற்கும் நீ சலித்துக்கொள்ளவில்லை.

ஒரு தடவை மட்டும் கண்டித்தாய். அவருக்குக் குவைத்தில் வேலை ஒப்பந்தம் முடிகிற சமயம். "போதும், வந்துருங்க" என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. பெயர் போடாமல் குழுவில் கேட்டேன். கூப்பிடலாமா, கூடாதா? பிள்ளை படிப்பு முக்கியம், கூப்பிடாதே என்று பாதிப் பேர். வாழ்க்கை போனால் வராது, கூப்பிடு என்று பாதிப் பேர். யாரென்று சொல்லாமலே நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"இது நீங்கதானேக்கா? மாவு பொங்கலேன்னா ஊர்ல எல்லாரையும் கேளுங்க. இத அவர்கிட்ட மட்டும் கேளுங்க."

கேட்டேன். "நீ கூப்பிடட்டும்னுதான் இருந்தேன்" என்றார்.

அந்த வாரம்தான் நீ வருகிறேன் என்று சொன்னது. "சனிக்கிழம லீவுக்கா. வந்து செவுத்தப் பாத்துட்டுப் போகவா?"

"இப்ப வேணாம்டி. பாதிதான் ஆயிருக்கு. முடிச்சிட்டு நானே கூப்புடுறேன்."

"பாதியா இருந்தா என்னக்கா? நானும் ஒரு பிரஷ்ஷ எடுத்துக்குவேன்ல."

"இல்ல, நீ முழுசாத்தான் பாக்கணும்."

ஏன் அப்படிச் சொன்னேன் ஸ்டெல்லா? உன் முன்னால் என் வேலை குறையாகத் தெரியக்கூடாது என்ற வீம்பா? நீ சிரித்துவிட்டு, "சரி, முடிங்க, வாரேன்" என்றாய்.

பஸ்ஸுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை. டீச்சருக்குப் பரீட்சை வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு உன் நம்பரிலிருந்து வந்தது உன் தம்பியின் குரல். டெங்கு காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை என்று சொன்னான். நான் கலர் கேட்டபோது நீ கண் திறக்காமல் கிடந்திருக்கிறாய்.

உன் நினைவுத் திருப்பலிக்கு வந்தேன். கோவில் வாசலில் உன் அம்மாவிடம் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செவுத்து அக்காவா? ஒன்னப் பத்தித்தான்த்தா வீட்ல பேச்சு. நான் அந்தச் செவுத்த வந்து பாக்கலாமா?"

இன்னும் முடியலைம்மா என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "இந்த ஞாயித்துக்கிழமையே வாங்கம்மா" என்றேன்.

வந்தார். என் வீட்டுக்காரரும் குவைத்திலிருந்து ஊர் திரும்பிவிட்டார் என்று உனக்குச் சொல்லவேண்டுமே. ஏணியைப் பிடிக்கிறார், பெயின்ட் கலக்கித் தருகிறார், நடுநடுவே குறையும் சொல்கிறார். உன் அம்மா சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக நடந்து பார்த்தார். படத்தில் ஆள் இல்லாத ஓர் இடத்தில் நின்றார். உன் ப்ரொஃபைலில் ரோஜாப்பூதான் இருந்தது. கோவிலில் வைத்திருந்த படத்திலும் முகம் மட்டும்தான். நீ எவ்வளவு உயரம் என்றுகூட எனக்குத் தெரியாது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

உன் அம்மா சுவரை ஒட்டி நின்று, தன் காதுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். "இம்புட்டுத்தான்த்தா இருப்பா."

அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் காத்திருக்கட்டும். அடுத்து உன்னைத்தான் வரைவேன். இனி யார் வருகிறேன் என்றாலும், சுவர் பாதியாக இருந்தாலும், வாங்க என்றுதான் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ அக்கா என்று கூப்பிட்டதால் மட்டுமே உனக்கு அக்காவான,
மீனா
அறந்தாங்கி