வசந்தா, அந்தப் பந்து உள்ளேதான் விழுந்தது

என் அருமை வசந்தாவுக்கு,

என் அண்ணனுக்கு நீ கழுத்தை நீட்டிய நாளிலிருந்து "அண்ணின்னு கூப்பிடுடி" என்று அம்மா என்னைத் திட்டாத நாள் இல்லை. வீட்டில் கூப்பிட்டேன். டென்னிஸ் கோர்ட்டில் கடைசிவரை நீ எனக்கு வசந்தாதான். இது கோர்ட் விஷயம், கோபித்துக்கொள்ளாதே.

நான்கு நாட்களாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையைக் கைதவறி உடைத்தேன். எல்லாம் உன் மகள் செய்த வேலை.

டார்ம்ஸ்டாட்டில் நம் மாணவர்கள் நடத்தும் கையெழுத்து இதழுக்குத்தான் இதைக் கொடுக்கிறேன். உன்னை அறியாதவர்களுக்கும் தெரியட்டும். பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டென்னிஸ் ஆடிய மெட்ராஸில், முதலில் வெள்ளைப் பாவாடையோடு இறங்கியவள் நீ. அந்த வாரமே உனக்கு வந்த வரன் ஒன்று தட்டிப்போனது. நீ அழுதாயா என்ன? மறுநாள் காலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வந்து நின்றாய். மூன்று முறை மாநிலப் பட்டம் உனக்கு. மூன்று முறையும் இறுதி ஆட்டத்தில் உன்னிடம் உதை வாங்கியவள் நான். லண்டனுக்கு வந்து ஆடச் சொல்லி அழைப்பு வந்தபோது, நீ மீனாவை வயிற்றில் சுமந்துகொண்டு அண்ணனோடு ஜெர்மனிக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தாய். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

அறுபதுகளின் நடுவில் நானும் வேதியியல் ஆய்வுக்காக இங்கே வந்தேன். ஆறு வருடம் நீ தொடாத மட்டையை உன் கையில் திணித்து, கிளப்பில் சேர்த்துவிட்டது நான்தான். பிரியத்தாலா, உன்னை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்ற வெறியாலா? இரண்டும்தான்.

இரண்டு வருடம் கழித்து, கிளப்பின் பெண்கள் இறுதி ஆட்டத்தில் மறுபடியும் நீயும் நானும். நடுவர் கிடையாது. தன் பக்கம் விழும் பந்தை அவரவர்தான் சொல்ல வேண்டும். செம்மண் கோர்ட் என்பதால் பந்து விழுந்த தடம் தெரியும். சந்தேகம் வந்தால் வலையைச் சுற்றி வந்து பார்க்கலாம். மெட்ராஸில் நமக்கு அந்த வழக்கமே இல்லையே! எதிராளி சொன்னால் சொன்னதுதான்.

மூன்றாவது செட். ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஜெயித்துவிடுவேன். நீ அடித்த பந்து என் பக்கம் பின்கோட்டின்மேல் விழுந்தது. "அவுட்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா ருக்கு?"

"பாத்தேன்."

சொல்லிக்கொண்டே காலால் தடத்தைத் தேய்த்துவிட்டேன். நீ வலையருகே வந்து கைகொடுத்தாய். அந்தக் குளிர்காலத்தில் படுத்தவள் நீ, பிறகு ஆடவே இல்லை. "இந்தியச் சாம்பியனை ஜெயித்தவர்" என்று கிளப்பில் இன்றும் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன சனிக்கிழமை மீனா வந்திருந்தாள். தெற்கே கார்ஹிங் என்ற ஊரில் இயற்பியல் படிக்கிறாள், உன்னைவிட உயரம். பல்கலைக்கழக அணிக்கு ஆடுகிறாளாம். அம்மாவின் கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அதற்குமேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அது தெரியுமே அத்தை," என்றாள் காபியை ஆற்றிக்கொண்டே. "அம்மா ஆஸ்பத்திரில இருக்கறப்பவே சொன்னாங்க. பந்து உள்ளதான் விழுந்துது, பாவம் ருக்கு, ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்னு."

பாவமா? நானா பாவம்? இத்தனை வருடமாகத் திருடி, திருடி என்று என்னை நானே குத்திக்கொண்டிருந்தேன். நீ எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாய்! ஆத்திரத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து மீனா பயந்துவிட்டாள். ஏன் வசந்தா, வலையைச் சுற்றி வந்து தடம் எங்கே என்று பார்த்திருந்தால் என்ன? என்னை நாலு கேள்வி கேட்டிருந்தால் என்ன? அந்த ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஒருவேளை நியாயமாகவே உன்னை ஜெயித்திருப்பேனே!

வரும் ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் பொதுக்கூட்டம். "செத்தவளே கேக்கல, உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்கிறான் அண்ணன். நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லத்தான் போகிறேன். சாம்பியன் பலகையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்வேன். உன் பெயரைப் போடச் சொல்லமாட்டேன், நீயும் அன்று ஜெயிக்கவில்லை. யாராவது பெருந்தன்மை, விட்டுக்கொடுத்தாள் என்று ஆரம்பித்தால் அங்கேயே வாயை அடைப்பேன். நீ ஒன்றும் கொடுக்கவில்லை, நான் திருடினேன். அதையாவது எனக்கென்று விட்டுவை, வசந்தா.

உன்னிடம் ஒருநாளும் ஜெயிக்காத நாத்தனார்,
ருக்மணி