ஒரே ஒரு அடுக்கு

ஆம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் பிரஷர் மட்டும் உன் கம்பெனியால் ஏறிக் கிடக்கிறது. தைவானில் குளிர் தொடங்கியிருக்கும், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நாலு வருஷம் தூக்கம் கெட்டு நீ ஓட வைத்த, கோடு வரையும் புது மெஷினை, ஒரு சிப்பில் இருக்கும் அத்தனை அடுக்கிலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் விடுவார்களாம், மற்றதெல்லாம் பழைய மெஷினே போடுமாம். நீ அழுத அழுகையில் எனக்கு ஆத்திரம் வந்து, ராஜினாமாவை முகத்தில் வீசிவிட்டு வா என்றேன். நீயும் திங்கட்கிழமை கொடுக்கிறேன் என்றாய்.

அந்தச் சூட்டோடு நேற்று மக்பூல் அகமது பாயின் ஷூ கம்பெனிக்குப் போனேன். அவரிடமும் எனக்கு இதே வழக்குதான். நான் விற்கிற நெடியில்லாத தண்ணீர் கம்மை, காலுக்கடியில் வைக்கும் மெத்தை ஒட்ட மட்டும் வாங்குகிறார். சோல் ஒட்ட இன்றைக்கும் அந்தப் பழைய கம்தான், ஒட்டுகிற பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உன் கதையையும் சொல்லி, அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே கதியா என்று கேட்டேவிட்டேன். மனிதர் அசையவில்லை. "சம்பூர்ணம்மா, மெத்தை பிரிஞ்சா நானே ஒட்டிக்குவேன். சோல் பிரிஞ்சா கன்டெய்னரே திரும்பி வரும்" என்றார். பிறகு உன் மெஷினை எந்த அடுக்குக்கு விட்டார்கள் என்று கேட்டார். இருப்பதிலேயே மெல்லிய கோடுகள் உள்ள அடுக்கு, பழைய மெஷின் மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டாலும் கோணிக்கொள்ளும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "உங்க கம்மை நான் சும்மா எடத்துல வெச்சேன். உங்க பொண்ணு மெஷினை அவங்க சோல்லயே எறக்கிட்டாங்க. இதுக்கா இவ்ளோ பேஜார்?"

என் சரக்கை மட்டம் தட்டித்தான் உன் பெருமையைச் சொல்ல வேண்டுமா அவர்? ஒன்றே ஒன்று என்று அழுதாயே, அது எப்பேர்ப்பட்ட ஒன்று என்று நீயாவது விளக்கியிருக்கக் கூடாதா? நாலு வருஷம் ஜாஸ்திதான், அதில் எனக்குக் கோபம் கோபம்தான். ஆனால் ராஜினாமா கொடுக்காதே. இந்த அடுக்கைச் சுத்தமாக முடித்துக் காட்டி, அடுத்தது எப்போது என்று நின்று கேள்.

நானும் கேட்காமல் வரவில்லை. பழைய கம் பிடிக்காத மாடல் எது, அதைக் கொடுங்கள் என்றேன். முனகிக்கொண்டே ஒரு பிள்ளைகள் ஷூவை எடுத்துப் போட்டார், எடை கம்மியான புது சோல், நுனியில் பிளந்துகொள்கிறது. நம் கம்மில் ஒட்டி, காயவிட்டு, குளியலறை வாளியில் ஊறப் போட்டிருக்கிறேன். அப்பா குளிக்க வாளி இல்லையென்று காலையிலிருந்து முறைக்கிறார். இந்த வரி எழுதும்வரை பிரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. தெய்வம் உன் கூடவே நிற்கட்டும். படித்ததும் "கொடுக்கவில்லை" என்று ஒரு வார்த்தை போடு, அதுவரை நான் படுக்கப் போவதில்லை.

உன் அம்மா,
சம்பூர்ணம்