கை ஆட்டி அனுப்பியவன்

கிரிம்ஸ்பி,
9 மார்ச் 1998

அன்புள்ள தம்பி கீத்துக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். 

நேற்று ரோரி போன் செய்தான். நம் அப்பாவைப் போல மீன்பிடிக் கப்பலோடு கடலில் மூழ்கிப் போனவர்களுக்குத் துறைமுகத்தில் நினைவுச் சின்னம் திறக்கிறார்களாம். நம் பழைய குழு மறுபடி கூடி, அங்கே 'அப்பாவின் பூட்ஸ்' பாட்டைப் பாட வேண்டுமாம். "கீத் நியூசிலாந்துலேருந்து வர்றேன்னுட்டான். நீதான் பாக்கி, ஜெனீன்" என்றான். குரலில் அப்படி ஒரு தேன். போனை வைத்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நீ எப்படியடா சம்மதித்தாய்? அப்பாவை நினைத்து அந்தப் பாட்டை எழுதியவனே நீதானே. மீன் அடைக்கும் கொட்டகைக்கு மேலே, ஸ்பீக்கர் வரைக்கும் மீன் நாறிய அறையில் நீ டிரம்ஸ், நான் பேஸ் கிதார். பல் டாக்டர் மகன் ரோரிக்குக் குரல் இருந்தது, சேர்த்துக்கொண்டோம். பப்புகளில் வாசித்தோம், ரேடியோவில் போட்டார்கள், லண்டன் கம்பெனி தேடி வந்தது. ஆல்பம் வந்த வாரம் மீன் சந்தையில் நம் பாட்டை விசிலடித்தபடி பெட்டி தூக்கினார்கள். அதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பிறகுதான் அந்தத் துரைக்குப் பேச்சு மாறியது. துறைமுகத் தொழிலாளி மாதிரி இழுத்து இழுத்துப் பேட்டி கொடுத்தான். கடைசியில் டெலிவிஷனிலேயே உட்கார்ந்து, "எங்கப்பா கப்பலோட முழுகிட்டாரு. அன்னிக்கு நானும் அம்மாவும் கரையில நின்னு கை ஆட்டி அனுப்பினோம்" என்றான். அவன் அப்பாவோ இன்றைக்கும் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறார்.

லண்டனில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இங்கே ஊரே காறித் துப்பியது. கப்பலுக்குப் போகிறவனை எந்த வீட்டில் கை ஆட்டி அனுப்புவார்கள்? ஆட்டினால் ஆள் திரும்ப மாட்டான் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா கிளம்பிய அன்று அம்மா வாசலுக்குக்கூட வரவில்லை, ஒரு துணி துவைக்கவில்லை; துவைத்தால் அலை ஆளை அடித்துக்கொண்டு போய்விடும் என்பாள். டெலிவிஷனைப் பார்த்துவிட்டு, "கை ஆட்டினாளாமா?" என்று மட்டும் கேட்டாள். நம் அப்பாவைத் திருடியது போதாதென்று, அம்மாவே அவரைச் சாக அனுப்பிவைத்த மாதிரி ஆக்கிவிட்டான் பாவி.

அடுத்த கச்சேரியில் "இது எங்கப்பாவுக்கு" என்று அவன் வாய் திறந்ததும், வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேடையைவிட்டு இறங்கினேன். குழு அன்றோடு உடைந்தது. நீ மட்டும் கடைசி வரை அடித்துக்கொண்டிருந்தாய். கேட்டதற்கு, "பாட்டைப் பாதியில நிறுத்தக்கூடாதுக்கா" என்றாய். எனக்கு அவனைவிட உன் மேல்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது.

நீ சம்மதித்ததை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ விமானம் ஏறுகிற நாளில் அவள் இப்போதும் துணி துவைப்பதில்லை. ஈரத்துண்டுகூடக் கொடியில் தொங்காது.

ஊருக்கு வா. கூட்டத்தில் அம்மா பக்கத்தில் நில். ஆனால் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டினாயோ, நீ திரும்பும் நாளில் நான் ரயில் நிலையத்துக்கு வருவேன். ரயில் கண்ணைவிட்டு மறையும் வரை நின்று, இரண்டு கையையும் ஆட்டுவேன்.

நல்லபடியாக வந்து சேர்.

என்றும் உன் நலம் நாடும் அக்கா,
ஜெனீன்