தறியின் முதல் அடி

தில்லி, 12.11.1972

அன்புள்ள அப்பாவுக்கு, ஏகாம்பரம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அச்சகத்தில் வேலை பிடித்திருக்கிறது, ரொட்டிதான் இன்னும் பிடிக்கவில்லை.

நேற்று காது கேளாதோருக்கான ஓட்டப்பந்தயத்தில் ஓடினேன். எங்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் பயன்படாது, கொடி இறங்கினால்தான் ஓட வேண்டும். பக்கத்தில் யாரோ பந்தலுக்கு முளை அடித்தார்கள். தரை அதிர்ந்ததும், காலையில் நீங்கள் தறியில் முதல் அடி போட்டதுபோல் இருந்தது. கொடி இறங்கும் முன்பே என் கால் கிளம்பிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தப்புக்கு மன்னிப்பு உண்டாம். மறுமுறை கொடியை மட்டுமே பார்த்து ஓடி முதலாவதாக வந்தேன். அடுத்த வருஷம் சுவீடனில் நடக்கும் எங்களுக்கான உலகப் போட்டிக்கு என்னை அனுப்புகிறார்கள்.

"ஓடிக்கினே இருந்தா சோறு யாருப்பா போடுவாங்க" என்று ஊரில் என் பஸ் கிளம்பும்போது உங்கள் வாய் அசைந்தது. அந்த உலகப் போட்டியை 1924இல் பாரிசில் தொடங்கியவரும் காது கேளாதவர்தான். கார் மெக்கானிக்காம். வேலையும் பார்த்திருக்கிறார், அப்பா.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. தறிக்குப் பக்கத்தில் நான் படுக்கிற இடத்தில் பெட்டி எதையும் வைத்துவிடாதீர்கள். இங்கே தினமும் தாமதமாகத்தான் எழுந்திருக்கிறேன். இந்தத் தரை என்னை எழுப்புவதில்லை.

உங்கள்
ஏகாம்பரம்