முன்னுக்குப் பின் முரண்

அனுப்புநர்:
மு. நாராயணப்பன், விவசாயி,
பாகலூர், ஓசூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பொருள்: கணவன் அடித்ததில் தலைக்குள் காயமடைந்த என் மருமகள் காவேரியின் புகாரை மீண்டும் விசாரிக்கவும், உரிய பரிசோதனை செய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெற்ற மகன் மீதே மனு கொடுக்கிறானே, சொத்துத் தகராறாக இருக்கும் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். என் மகன் ராஜ்குமார் தன் மனைவி காவேரியை இரண்டு ஆண்டுகளாக அடித்து வருகிறான். முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவதும் கழுத்தை நெரிப்பதும் அவன் வழக்கம். தடுக்கப் போன எனக்கும் ஒருமுறை பல் உடைந்தது.

2. கடந்த ஆடி மாதம் அப்படி மோதியதில் அவள் நினைவிழந்து விழுந்தாள். ரத்தம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டதால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தோம். போகவில்லை. அன்று முதல் வெளிச்சம் பட்டாலே வாந்தி எடுக்கிறாள். சூளகிரியில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்கு வயர் கட்டும் பிரிவில் நல்ல பெயர் எடுத்தவள், கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும் இடத்தில் எதில் ஏறுவது என்று தெரியாமல் நின்றாள். வேலை போயிற்று.

3. காவேரி ஆனேக்கல் பக்கத்துப் பெண், தாய்மொழி கன்னடம். இங்கு வந்து தமிழ் கற்று, என்னைவிடத் திருத்தமாகப் பேசினாள். இப்போது களைத்துவிட்டால் தமிழ் வருவதில்லை. "மாவா, தலெ நோவு" (மாமா, தலை வலிக்கிறது) என்று கன்னடத்தில்தான் சொல்கிறாள். எங்கள் ஊரில் ஒரே பேச்சில் மூன்று மொழி கலப்பது சகஜம் என்பதால், அதை எவரும் நோயாகப் பார்க்கவில்லை.

4. காவல் நிலையத்தில் தலை எதில் மோதியது என்று கேட்டதற்கு அவள் முதலில் சுவர் என்றாள், பிறகு கட்டில் என்றாள், மூன்றாம் முறை கன்னடத்தில் அழுதாள். நடிக்கிறாள் என்று முடிவு செய்து, 'முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார், வெளிக்காயம் இல்லை' என எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். ஐயா, கால் உடைந்தவள் நொண்டினால் அதையும் நடிப்பு என்பார்களா?

5. "ரெண்டு தட்டு தட்னதுக்கு மூளை கலங்கிடுமா? இவ மொதல்லருந்தே மெண்டல்" என்று ராஜ்குமார் ஊரெல்லாம் சொல்லி வருகிறான். காவல் நிலையத்தில் எழுதிய அந்தக் காகிதத்தைக் காட்டியே, ஒன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி ஜெயப்ரியாவைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரி நீதிமன்றம் சென்றிருக்கிறான். அடித்தவனே அந்த அடியை வைத்துப் பிள்ளையையும் பறிக்கப் பார்க்கிறான்.

6. ஆகவே, காவேரியை நரம்பியல் மருத்துவர் பரிசோதிக்கவும், அந்த அறிக்கையைக் குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதிமன்றத்தில் வைக்கவும், புகாரை மீண்டும் எடுக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். அடிபட்டு வரும் எந்தப் பெண்ணிடமும், தலையில் அடித்தானா, கழுத்தை நெரித்தானா, மயங்கினாயா என்று கேட்கும்படி காவல் நிலையங்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன். கேட்டால்தானே தெரியும்.

7. காவேரியும் கீழே கையெழுத்திட்டிருக்கிறாள். கடைசி எழுத்து நினைவுக்கு வராமல் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஜெயப்ரியா சொல்லிக் கொடுக்க வந்தாள், நான்தான் தடுத்தேன். ஐயா, தயவுசெய்து இதையும் பிழை என்று தள்ளிவிடாமல், காயம் என்று படியுங்கள்.

இடம்: பாகலூர்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. நாராயணப்பன்

பாதிக்கப்பட்டவர் கையொப்பம்:
காவே