காப்பித் தோட்டத்துக்குப் போய் வந்த சேதி

புதுச்சத்திரம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

சௌந்திரம் எழுதுகிறேன். நானும் நம் மகன் தர்ஷனும் இங்கே சுகம். நீங்களும் கிணறு தோண்டும் போர் வண்டியில் இருக்கும் பையன்களும் அந்தச் சத்தீஸ்கர் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். சின்னுசாமி அண்ணன் நாளை மறுநாள் உங்கள் வண்டிக்குக் கிளம்புகிறார். முறுக்கும் பருப்புப் பொடியும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அதோடு இதையும் வைக்கிறேன். சில பேச்சை எடுத்தால் நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். நான் அந்தப் பக்கம் அலோ அலோ என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். இதையாவது கடைசி வரைக்கும் படியுங்கள். படித்த பிறகு கோபம் வந்தால் வரட்டும்.

மரவள்ளி முழுவதையும் பிடுங்கி மில்லுக்கு ஏற்றிவிட்டோம். கிழங்கு நல்ல திரட்சி. தெற்கு வயலுக்கு இந்த முறை சோளம் போடலாம் என்று தர்ஷன் சொல்கிறான். நீங்கள் வந்து முடிவு செய்துகொள்ளுங்கள். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கிணற்று மோட்டார்தான் அடிக்கடி நின்றுவிடுகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு, உள்ளே காயில் எரிந்து போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பொங்கல் கழிந்த அடுத்த வாரம், நான் ஆயா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே வெள்ளைக்காரர் காலத்துக் காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்றே அதைச் சுற்றிக் காட்டுகிறார்கள். துரை இருந்த பங்களா, பழம் பறிக்கிற இடம், தோலுரிக்கிற மிஷின், கொட்டை காயும் களம், கடைசியாகக் கூலியாட்கள் குடியிருந்த லயன் வீடுகள், இதுதான் அவர்கள் கணக்கு. வகுப்பு டீச்சர் உங்கள் அண்ணன், பெரிய மாமாவின் மருமகள் அறிவுச்செல்விதான். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் வரச் சொன்னாள்.

மலை வளைவுகளில் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி. நான் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வயிற்றையும் அடக்கிக்கொண்டு, அவர்களையும் பார்த்துக்கொண்டு போனேன். தோட்டத்து வாசலில் இறங்கியதும் அறிவுமதி என்கிற சின்னப் பெண்ணைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்ச் சட்டையை அலசிக்கொண்டிருந்தேன். அப்போது மைக்கில் ஒரு குரல் கேட்டது. செடியைத் தொட்டுப் பார்க்கலாம், ஒடிக்கக் கூடாது, நல்லாச் செவந்த பழத்த மட்டும் பறிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குக் கை நின்றுவிட்டது. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண்தான் குழாயை மூடினாள்.

நம் மைதிலி, மாமா.

அவள் மலைப்பக்கம் இருக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டதோடு சரி. எந்த ஊர், என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டுதான் போனேன் என்று பெரிய மாமா சொல்வார். சத்தியமாக இல்லை. பச்சைக் கோட்டுப் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு நடுவில் நின்றாள். மெலிந்திருக்கிறாள். வயிறு மட்டும் முன்னால் தெரிந்தது. பார்த்தவுடனே ஏழாவது மாதம் என்று நினைத்தேன். அப்படியேதான்.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். பிறகு மைக்கை வாயருகில் கொண்டுபோய், ஆயாம்மா நீங்களும் வாங்க, வழி வழுக்கும், மெதுவா வாங்க என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கும், அதே மாதிரி கூப்பிட்டாள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தில் டீச்சர் இருக்கிறாள், ஊர் பஸ் நிற்கிறது, என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டால் எனக்கு ஊரில் கஷ்டம் என்று நினைத்திருக்கிறாள். அறிவுச்செல்வி கல்யாணமாகி வந்தது போன வருஷம்தானே, அவளுக்கு மைதிலி முகம் தெரியாது.

நானும் ஆயாம்மாவாகவே பின்னால் நடந்தேன். வேறென்ன செய்ய. பழம் பறித்தார்கள், நானும் பறித்தேன். பழத்தை நசுக்கி உள்ளே இருக்கும் வழவழப்பைச் சப்பிப் பாருங்க, இனிக்கும் என்றாள். இனிக்கத்தான் செய்தது. மேட்டில் ஏறும்போது அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். பிடித்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக லயன் வீட்டுக்கு வந்தோம். ஒரே நீளமான கட்டிடம், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒரு அறைக்குள் பிள்ளைகளை நெருக்கி நிற்க வைத்தாள். பஞ்ச காலத்தில் தம்மம்பட்டிப் பக்கமிருந்தும் நம் சமவெளி ஊர்களிலிருந்தும் நடந்தே மேலே வந்தவர்கள் இப்படித்தான் இருந்தார்கள், இரண்டு குடும்பத்துக்கு ஒரு அறை, குளிர், காய்ச்சல், பாதிப் பேர் திரும்பவே இல்லை என்றாள். பங்களாவில் துரை பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இங்கே ஒருவர் பெயரும் இல்லை, அதனால்தான் உங்களை இங்கே கூட்டி வருகிறேன் என்றாள். மற்ற இடமெல்லாம் தோட்டத்துக்காரர்கள் சொல்லிக் கொடுத்தது, இந்த இடம் இவளே கேட்டு வாங்கிச் சேர்த்ததாம். பிறகு சொன்னார்கள்.

அறிவுமதிதான் கேட்டாள். "ஏனுங்க்கா, அவங்கள ஊர்ல இருந்து யாருமே தேடிக்கிட்டு வரலீங்களா?"

வந்திருப்பாங்க சாமி, வழி தெரிஞ்சிருக்காது என்றாள் மைதிலி.

அந்தப் பெண் விடவில்லை. உங்களுக்கு எந்த ஊருங்க்கா என்றாள். உங்க ஊருக்குப் பக்கந்தான் என்றாள். அம்மா அப்பா இருக்காங்களா, இங்க வந்து பாத்திருக்காங்களா என்று அடுத்து. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். மைதிலி என் பக்கம் பார்க்கவில்லை. சிரித்தாள். "எங்கப்பா போர் வண்டில வெளியூர் போயிருக்காருங். எங்கம்மாளுக்கு பஸ்ஸுல ஏறுனாலே வாந்தி வரும் கண்ணு. அதான் வரல. இல்லீன்னா வந்திருவாங்க."

பிள்ளைகளெல்லாம் சிரித்துவிட்டார்கள். பஸ்ஸில் அவர்கள் பட்ட பாடு ஞாபகம் வந்திருக்கும்.

மாமா, நான் அந்த வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது, தினமும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. நம்மைப் பற்றி யார் கேட்டாலும் அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் தலைமுழுகிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு வாந்தி வரும், அதனால் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிதான் தூக்கினேன், அந்த இடத்தில் அப்படித்தான் வந்தது. "நான் வந்துட்டேன் சாமி. நாந்தான் அவ அம்மா" என்றேன்.

அறிவுச்செல்வி என்னையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். மைதிலி மைக்கைக் கீழே வைத்துவிட்டு அந்த வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்பொம்மா பஸ்ஸுல ஏறப் பழகுனே என்றுதான் முதலில் கேட்டாள்.

சாப்பாட்டு வேளைக்குப் பிள்ளைகளையெல்லாம் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, என் டப்பாவைத் திறந்து அவளுக்குக் கொடுத்தேன். தக்காளிச் சோறு, கத்திரிக்காய் வதக்கல். முழுவதையும் சாப்பிட்டாள். அறிவுச்செல்வி தன் தயிர்ச் சோற்றையும் கொண்டுவந்து வைத்து, "சாப்புடுங்க அம்மிணி, ரெண்டு உசுரு" என்றாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னத்தை, நான் ஊர்ல ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க என்றாள். நீ மறைக்க வேண்டாம் சாமி, பிள்ளைகளே போய்ச் சொல்லிவிடும் என்றேன். அப்படியே ஆயிற்று. அன்று சாயங்காலமே பெரிய மாமா வாசலில் வந்து நின்று, அவளோட பேசுனியாமா என்றார். பேசினேன், சோறு போட்டேன் என்றேன். மயில்சாமி வரட்டும் என்று உங்களைச் சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்குப் போன் செய்தாரோ என்னவோ. செய்திருந்தால், அவர் சொன்னது அவர் பார்க்காதது. நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன்.

அவளைக் கட்டிக்கொண்ட அந்தப் பையன் இனியன் அந்தத் தோட்டத்து மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறானாம். அன்றைக்குச் சேலத்துக்கு உதிரி பாகம் வாங்கப் போயிருந்தான், நான் பார்க்கவில்லை. அவன் அம்மாதான் இவளை ஆஸ்பத்திரிக்கு மாதா மாதம் கூட்டிப் போகிறாராம். அவன் நம் சாதி இல்லை என்பது அன்றும் தெரியும், இன்றும் தெரியும். அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. நீங்கள் அன்று போலீஸ் ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் எனக்குப் பொண்ணே இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் மட்டும்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு நீங்கள் ஊரில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் தங்கவில்லை. எதனால் என்று எனக்குத் தெரியாதா.

மாசி கடைசியில் அவளுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். தாய் வீட்டுச் சோறு தின்னாமல் ஒரு பெண் பிரசவத்துக்குப் போகக் கூடாது. நீங்கள் வந்தால் சேர்ந்து போகலாம். வர முடியாவிட்டால் நானும் தர்ஷனும் போவோம். இதை நான் உங்களிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னலோரம் வந்து ஒன்று கேட்டாள். அப்பாவுக்கு ராத்திரியில் வருமே அந்த இடுப்பு வலி, இப்பொ எப்படி இருக்கு என்று. நான் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவள் நம்பரை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் வேறு எதுவும் பேச வேண்டாம் மாமா. இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கபிலர்மலை முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும், அவளுக்கும்.

என்றும் உங்கள்,
சௌந்திரம்