நான்கு புத்தகமாகப் பதினாறு வயது

மார்ச் 4, செவ்வாய்

ஐந்தாவது புத்தகத்தின் தாள்கட்டு மெய்ப்புத் திருத்துபவரிடமிருந்து திரும்பி வந்தது. வழக்கமாக ஒற்றெழுத்துக்கும் காற்புள்ளிக்கும்தான் மல்லுக்கு நிற்பார். இந்த முறை முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரே கேள்வி: ‘வாலுவுக்கு இப்போது என்ன வயது?’

பதினாறு. என் கதாநாயகிக்கு எப்போதும் பதினாறுதான். இதில் என்ன சந்தேகம்?

மார்ச் 5, புதன்

சந்தேகம் இருக்கிறது. போனில் கேட்டேன். மனிதர் உட்கார்ந்து பட்டியலே போட்டிருக்கிறார். “மேடம், இதுவரைக்கும் வந்த நாலு புத்தகத்துல வாலு மூணு முழு ஆண்டுப் பரீட்சை எழுதிட்டா. மழைக்காலம் நாலு வந்துடுச்சு. பொறந்தநாள் மட்டும் வரவே இல்ல.”

திருதிருவென்று முழித்தேன். நல்லவேளை, போனில் அது தெரியாது. ஐந்து வருடமாக இத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

பதிப்பாளரிடம் சொன்னால் சிரிக்கிறார். “அப்படியே இருக்கட்டும்மா. அவ வளந்துட்டா யாரு படிப்பா?”

ஒரு பரீட்சையை வெட்டிவிடலாமா? எதை? அச்சாகிப் போனதை எப்படி வெட்டுவது? தலை கிறுகிறுக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மகள் இன்றும் வரவில்லை. இது ஆறாவது ஞாயிறு. நகரத்தின் மறுகோடியில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, இரண்டு தோழிகளோடு ஓர் அறை. பேருந்தில் ஒரு மணி நேரம்தான். கேட்டால் ‘வேலை இருக்கு’. கடை மூடியிருக்கும் நாளில் அப்படி என்ன வேலை?

கடைசியாக வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள். கடைக்கு வந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி என் புத்தகத்தை நீட்டி, ‘நீங்கதானே வாலு?’ என்று கையெழுத்துக் கேட்டாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “போட்டுக் குடுத்தியா?” என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இதில் என்ன தப்பு? வாலு என்பது சின்ன வயதில் நாங்கள் அவளைக் கூப்பிட்ட பெயர்தானே. அவள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தானே முதல் புத்தகத்தையே எழுதினேன்.

கணவரிடம் புலம்பினேன். “உன் கதைல வர்ற அம்மாவுக்குத்தான் எல்லாம் புரியுதே. அந்தம்மாகிட்ட கேளேன்,” என்கிறார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். நக்கல்!

மார்ச் 10, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். வாலுவுக்குப் பதினேழு. கடைசி இரண்டு அத்தியாயங்களை மாற்றி எழுதினால் போதும். மகளுக்குப் பதினேழு நடந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்தால் எல்லாம் கிடைக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

எடுத்தேன்.

இரண்டாவது புத்தகம் வந்த வருடம் அது. எத்தனை பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசியிருக்கிறேன்! ‘இளையவர் மனதைப் புரிந்துகொள்வது எப்படி?’ – ஒரே தலைப்பு, இருபத்தோரு இடம். கைதட்டலாம், பாராட்டாம். மகளைப் பற்றி? அவள் தோழிகள், அவள் படிப்பு, ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி – ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரி: ‘இவள் முன்போலப் பேசுவதில்லை. மூன்றாவது புத்தகத்துக்கு ஒன்றும் தேறவில்லை.’

இதை நானா எழுதினேன்? என் கையெழுத்துதான். அடிப்பாவி.

அதற்குப் பிறகு பழைய குறிப்புகளை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறேன். அதனால்தான் வாலு பதினாறிலேயே நின்றுவிட்டாளோ?

மார்ச் 14, வெள்ளி

அவளுடைய மதிய இடைவேளையில் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “பதினேழு வயசுல நீ என்ன பண்ணிட்டிருந்தே?”

அவளுக்குப் பின்னால் யாரோ கண் பரிசோதனைக்காக எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மாசம் ஸ்கூலுக்கே போகலம்மா. யூனிஃபார்மோட கிளம்பி ரயில்வே ஸ்டேஷன்ல போய் உக்காந்திருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேன்.”

“ஏன்?”

“ஒரு பையனப் பத்தி உங்கிட்ட அழுதுட்டே சொன்னேனே? ரெண்டாவது புத்தகத்துல அப்படியே இருந்துச்சு. க்ளாஸே படிச்சுது. அவனும் படிச்சான்.”

பள்ளியில் எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். லீவ் லெட்டரை அவளே எழுதி, என் கையெழுத்தையும் போட்டாளாம். “அதுதான் நீ குடுக்கிற எல்லாப் புத்தகத்துலயும் இருக்கே. பாத்துப் பாத்துப் போட்டுப் பழகினேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.”

“சொன்னா மூணாவது புத்தகத்துல வந்திருக்கும்.”

அவளே தொடர்ந்து கேட்டாள்: “இப்பவும் எழுதிட்டுத்தானே இருக்கே?”

“இல்ல,” என்றேன்.

அவள் பேசப் பேசக் குறித்ததில் மேசையில் இருந்த தாளில் அரைப் பக்கம் நிரம்பியிருந்தது. அதைப் பார்த்துத்தான் இதையும் எழுதுகிறேன். ஐயோ, என்ன ஜென்மம் நான்!

மார்ச் 15, சனி

எதுவும் ஓடவில்லை. யூனிஃபார்மோடு ரயில் நிலையத்தில் ஒரு பெண் – நல்ல காட்சி என்று முதலில் தோன்றியது. பிறகுதான் அழுகை வந்தது. மற்ற அம்மாக்களுக்கு எது முதலில் வரும்? யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 17, திங்கள்

புத்தகம் வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். குதி குதியென்று குதித்தார். “அட்டை வரைக்கும் ரெடிம்மா! திடீர்னு வாலுவுக்கு என்ன ஆச்சு?”

“வளந்துட்டா,” என்றேன்.

சொன்னது சரியா தப்பா என்று தெரியவில்லை. வாலுவை விட்டால் எனக்கு எழுத என்ன இருக்கிறது? அதுவும் தெரியவில்லை. மகளுக்குச் செய்தி அனுப்பினேன். ‘இனி வாலு இல்லை. மன்னிச்சுடு.’

மார்ச் 19, புதன்

பதில் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

பதினொரு மணிக்கு மகள் வந்தாள். ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்துப் போனாள். அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டே இருந்தாள். சிரித்தாள், ஒருமுறை அழுதாள், என்னை நன்றாகத் திட்டவும் செய்தாள்.

என்ன பேசினாள் என்பதை எழுதப் போவதில்லை.